மணிப்புறாவுக்கு என்ன கலர்?

நவம்பர் 5, ஞாயிறு

மூன்றாவது தடவையும் "இது இல்ல" என்று சொல்லிவிட்டார் ஹேமாவதி மேடம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

பின்னால் படிக்கும்போது எனக்கே விளங்க வேண்டுமே, அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். நான் பல் டாக்டர். பெயர் கோகிலவாணி. சாயிபாபா காலனியில் கிளினிக். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது, நாட்குறிப்பு உள்பட. பழைய ரேஸ் கார்களை உள்ளங்கை அளவில் செய்வது என் பைத்தியம். பல் அச்சு எடுக்கிற மாவில் பாடி வார்ப்பேன், பல்லைக் குடைகிற டிரில்லால் ஓரம் சீவுவேன், கிளினிக் கம்ப்ரஸரில் பெயிண்ட் அடிப்பேன். என் நர்ஸ் பிலோமினா இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

ஹேமாவதி மேடத்துக்கு எழுபத்தாறு. ரேஸ் கோர்ஸ் பக்கம் வீடு. அந்தப் பேட்டையில் நிஜமாகவே ரேஸ் ஓட்டியவர் இவர் ஒருவர்தான் இருப்பார். 1973இல் சோழவரம் கார் பந்தயத்தில் ஆண்களோடு மல்லுக்கட்டி மூன்றாவதாக வந்தவர். காரை அவர் கணவரே தன் பம்ப்செட் பவுண்டரியில் கட்டினார். பெயர் மணிப்புறா. உலகத்திலேயே ஒன்றுதான், அதுவும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. போட்டோக்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜனவரியில் மோட்டார் கிளப் கண்காட்சிக்கு அதன் மாடலைச் செய்து தருவதாக வாயை விட்டுவிட்டேன். செய்தும் முடித்துவிட்டேன். கலர்தான் தெரியவில்லை.

அதற்குத்தான் திருமூர்த்தி. திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் முப்பது வருஷம் துணிக்கு ஷேட், அதாவது நிறச் சாயல், பொருத்திப் பார்த்தவர். மாடல் கார் கூட்டத்தில் பழக்கம். மனைவி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மகள் மெல்போர்னில். ஜனவரி 21 அன்று இவரும் அங்கேயே போகிறார், மொத்தமாக. அதற்குள் கலர் கிடைக்காவிட்டால் என் காரின் கதி அதோகதி. என் கவலை அவ்வளவுதான்.

"மயில்கழுத்துங்கறேன், நீங்க ரெண்டு பேரும் பாசியத் தடவிட்டு வர்றீங்க. குளத்துப் பாசி!" என்றார் மேடம்.

திரும்பி வரும்போது காரில் திருமூர்த்தி, "பாசி" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

நவம்பர் 8, புதன்

இரண்டு பிடுங்கல், ஒரு வேர்சிகிச்சை, ஒரு குழந்தை கையைக் கடித்தது.

சாயங்காலம் திருமூர்த்தி ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். லேபில் கழித்துக்கட்டிய விளக்குப் பெட்டி. உள்ளே சாம்பிளை வைத்து ஸ்விட்சைத் தட்டினால் வெயில், டியூப்லைட், குண்டு பல்பு என்று வெளிச்சம் மாறும். நேற்று கச்சிதமாகப் பொருந்திய இரண்டு சாம்பிள்கள் வெயில் ஸ்விட்சில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நின்றன.

"பாத்தீங்களா டாக்டர், டியூப்லைட்ல புருஷன் பொண்டாட்டி, வெயிலுக்கு வந்தா டைவர்ஸுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே காது வரை சிவந்தார். வெயில் ஸ்விட்சிலும் சிவப்பு, டியூப்லைட்டிலும் சிவப்பு. கெட்டிச் சாயம்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பல்லுக்கு ஷேட் பார்க்கும்போது ஒரே பல்லை முறைத்துக்கொண்டிருந்தால் கண் ஏமாந்துவிடும், சட்டென்று பார்த்துவிட்டுச் சாம்பல் நிற அட்டையில் கண்ணை ஆற்ற வேண்டும் என்று பாடம் எடுத்தேன். அவர் ஆற்றுகிறேன் என்று சொல்லி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்டிருந்த புடவை சாம்பல் நிறம்தான், அதனால் இருக்கும்.

நவம்பர் 12, தீபாவளி

திருமூர்த்தி அதிரசம் கொண்டுவந்தார், அவரே சுட்டதாம். சுமார். ஆறு தின்றேன்.

நவம்பர் 15, புதன்

கிடைத்துவிட்டது! கலர் இல்லை, துப்பு.

மேடம் வீட்டில் காபி. டம்ளருக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, "இந்த சாசர் எதுக்கு இவ்ளோ சின்னதா இருக்குது" என்று சாசரைத் திட்டினார். அப்புறம் பேச்சுவாக்கில், "என்ற வூட்டுக்காரரு மாதிரி கஞ்சன் பூமில கெடையாது. காருக்குன்னு தனியா பெயிண்ட் வாங்குவாராக்கும்? பம்புக்கு அடிக்கற டிரம்லயே ஊத்தி அடிச்சாரு" என்றார்.

திருமூர்த்தி கையிலிருந்த பிஸ்கட் காபிக்குள் விழுந்தது. நான் மேடத்தின் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டேன்.

"ஏ அம்மிணி, பல்செட்டு கழண்டுக்கும், உடு!"

மணிப்புறா பம்ப்செட்! அவர் பவுண்டரி பம்புக்கும் அதே பெயர்தான். தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம் ஆகிறது, ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளில் இன்னும் ஒன்றிரண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். வெயிலில் வெளுத்திருக்குமே என்றேன். திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "பேர்த்தகடு! பித்தளைத் தகட்டுக்கு அடியில வெயில் படாதுங்க" என்றார். அந்த நிமிஷம் அவருக்கும் ஒரு முத்தம் கொடுத்திருக்கலாம், விஞ்ஞானத்தின் பெயரால்.

நவம்பர் 19, ஞாயிறு

ஆனைமலைப் பக்கம் போனோம்.

முதல் இரண்டு தோப்பில் சப்மெர்சிபிள் பம்ப் போட்டுவிட்டார்கள். மூன்றாவதில் நாய் துரத்தியது. திருமூர்த்தி ஓடி நான் பார்த்ததில்லை, பிரமாதமாக ஓடுகிறார். நான்காவது தோப்பில், தென்னை மட்டை மூடிய மோட்டார் ரூமில், நின்றது மணிப்புறா. வெளியெல்லாம் சாம்பலும் துருவும். பித்தளைத் தகட்டில் ஒரு குட்டிப் புறா.

தோப்புக்காரர் சின்னச்சாமிக் கவுண்டர் வழியை மறித்துக்கொண்டார். "ஏனுங்க, ஓடற மோட்டார எதுக்குங்க கழட்டறீங்க? ஈபிலிருந்து வர்றீங்களா?"

"இல்லீங்க, கலர் பாக்கறோம்" என்றார் திருமூர்த்தி.

"எதோட கலரு?"

"தகட்டுக்கு அடியில இருக்கற கலருங்க."

கவுண்டர் என் பக்கம் திரும்பி, "இவருக்கு எப்ப இருந்துங்க இப்படி?" என்று பரிவோடு கேட்டார். நான் பல் டாக்டர் என்று சொன்னதும்தான் ஆளே மாறினார். மோட்டாரை மறந்துவிட்டு வாயைத் திறந்துவிட்டார். கீழ்க் கடைவாயில் ஒரு வேர் ஆடிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்து மாத்திரை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் திருமூர்த்தி நான்கு திருகாணியையும் கழற்றிவிட்டார்.

"டாக்டர்!" என்றார்.

தகட்டுக்கு அடியில் ஒரு சீட்டுக்கட்டு அளவில், ஐம்பது வருஷமாக வெயிலே பார்க்காத நிறம். நீலமா பச்சையா என்று கேட்டால் இரண்டும் சண்டை போடும். மயில்கழுத்தேதான். பற்காரை சுரண்டுகிற ஊசியால் ஓரத்தில் ஒரு செதில் பெயிண்ட் எடுத்தேன். ஞானப்பல்லைக்கூட நான் இவ்வளவு பதமாக எடுத்ததில்லை.

கவுண்டர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். "ஜோடியா வந்திருக்கீங்க, வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது" என்றார். நாங்கள் இருவருமே அதைத் திருத்தவில்லை. வாயில் இளநீர் இருந்தது, அதுதான் காரணம்.

நவம்பர் 22, புதன்

"பாசி."

கொலை செய்தால் எத்தனை வருஷம் போடுவார்கள்?

நிஜப் பெயிண்டிலிருந்து, வெயில், டியூப்லைட், குண்டு பல்பு மூன்றிலும் பொருத்தி எடுத்த சாம்பிள். மேடம் மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பாசி" என்றார். "பம்பு பாசியா இருந்துருக்கும். என்ற காரு மயில்கழுத்து. நானில்ல ஓட்டுனேன்?"

கோபத்தோடுதான் வெளியே வந்தேன். "மறுபடி முதல்லிருந்து ஆரம்பிக்கணுங்க" என்றார் திருமூர்த்தி. "ஆமாங்க" என்றேன். இருவர் குரலிலும் துக்கமே இல்லை.

நவம்பர் 26, ஞாயிறு

நீலம் சேர்த்தோம். "பரவால்ல, கொஞ்சம் பாசி." இன்னும் சேர்த்தோம். "கிட்ட வந்துட்டீங்க."

இடையில் அவர் மகள் வீடியோவில் அழைத்தாள். மெல்போர்னில் அவருக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்டினாள். நல்ல அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். எனக்கு அந்த மரத்தைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

மேடம் ஒரு சாம்பிளைப் பார்த்துக் கத்தினார். "இதே! இதேதான்! என்ற மணிப்புறா!" கண்ணில் நீர்.

அந்தச் சாம்பிள் பச்சை வாடையே இல்லாத சுத்த நீலம், அதாவது பக்கா ராயல் ப்ளூ. மயிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வாசலில் சண்டை. "அவங்க சந்தோஷமா இருக்காங்கல்ல, அடிச்சுக் குடுத்துருவோம் டாக்டர்" என்றார் திருமூர்த்தி.

"பொய்க் கலரையா? தகட்டுக்கு அடியில நீங்கதான பாத்தீங்க?"

"நாம பாத்தது பம்பு. அவங்க ஓட்டுனது காரு. எனக்கும் நாளில்லீங்க. எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கெளம்பணும்."

"அப்ப கெளம்புங்க! யாரு புடிச்சு வெச்சா?" என்று நான் கத்தினேன். நடு ரோட்டில், வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க. அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். என் கார் அங்கேயே, அவருக்கு இடம் வைத்துக்கொண்டு நின்றது.

நான் ஒரு கழுதை.

டிசம்பர் 5, செவ்வாய்

அவர் போன் செய்யவில்லை. நானா செய்வேன்? பிலோமினா, "டாக்டர், அந்தப் பேஷண்டுக்கு வலது பக்கம், நீங்க இடது பக்கம் ஊசி போடப் போறீங்க" என்றாள். நல்லவேளை.

டிசம்பர் 7, வியாழன்

எனக்குப் பட்டம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மேடம் புது பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். பல்லின் நிறம் தேர்ந்தெடுக்க மாதிரிப் பற்களை ஜன்னல் ஓரம் வரிசையாகக் காட்டினேன். "மஞ்சள்" என்றார் முதலாவதை. "இதும் மஞ்சள்." "இதென்ன, வெத்தலை போட்ட பல்லு மாதிரி." கடைசியாக ஒரு மாதிரியை எடுத்தார். யாருமே கேட்காத, சினிமா நடிகர்கள்கூட யோசிக்கிற, டியூப்லைட் வெள்ளை. "இது கொஞ்சம் தேவலை. ஆனா லேசா மஞ்சள்."

என் மண்டைக்குள் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. மேடத்தின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். இத்தனை வருஷமாக அவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவள் முதல் தடவையாகக் கண்ணைப் பார்த்தேன். கருவிழிக்கு நடுவில் கறுப்பே இல்லை. வடித்து ஆறிய டீ மாதிரி பழுப்பு.

புரை. இரண்டு கண்ணிலும். அந்தப் பழுப்புக் கண்ணாடி வழியாகத்தான் அவர் உலகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீலத்தை அது விழுங்கிவிடும். மயில்கழுத்து பாசியாகும், ராயல் ப்ளூ மயில்கழுத்தாகும். நாங்கள் வெளிச்சத்தைச் சோதித்தோம், பெயிண்டைச் சோதித்தோம், பம்பையே கழற்றினோம். பார்க்கிறவரின் கண்ணைச் சோதிக்கத் தோன்றியதா, இரண்டு கலர் மேதைகளுக்கும்?

உண்மையை எழுதுகிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இதைச் சொன்னால் வேலை முடிந்துவிடும், முடிந்தால் அவர் நிம்மதியாகப் பெட்டி கட்டுவார் என்று தோன்றியது. உடனே என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"மேடம், கண்ணுல புரை வந்துருக்கு. ஆபரேஷன் பண்ணணும்."

"எனக்கா? நான் ரேஸ் ஓட்டுனவ!"

"அதான். எதிர்ல வர்றது தெரியணுமில்ல?"

முறைத்தார். பிறகு மெதுவாக, "அம்மிணி, அப்ப நீங்க கொண்டாந்த பாசி..." என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருமூர்த்திக்கு போன் செய்தேன். கண் விஷயத்தைத்தான் சொன்னேன். மன்னிப்பு கேட்க நினைத்தேன், அதற்குள் அவர், "டாக்டர், அன்னிக்கு ஆட்டோல ஏறி அடுத்த சிக்னல்லயே எறங்கிட்டனுங்க. திரும்பி வந்தேன், நீங்க போயிட்டீங்க" என்றார்.

கடவுளே, எனக்கு ஏன் இப்படிச் சிரிப்பு வருகிறது.

டிசம்பர் 20, புதன்

வலது கண் ஆபரேஷன் முடிந்து மேடம் கறுப்புக் கண்ணாடியோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனதும் கழற்றினார். முதலில் திரைச்சீலையைக் கை நீட்டிக் காட்டினார். "இது வெள்ளையாம்! நான் சந்தனக் கலர்னு நெனச்சு இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்." அடுத்து கண்ணாடி. "என்ற மூஞ்சில இவ்ளோ சுருக்கம் இருக்கறத ஒருத்தனும் சொல்லலையே, துரோகிங்க!"

திருமூர்த்தி ராயல் ப்ளூ சாம்பிளை நீட்டினார்.

"இதென்ன கண்றாவி? எவன் இத நான் ஓட்டுனேன்னு சொன்னது?"

திருமூர்த்தி அதை அவசரமாகப் பைக்குள் ஒளித்தார். பிறகு தகட்டுக்கு அடியிலிருந்து வந்த சாம்பிளை வைத்தார். மேடம் இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி. மறுபடி. "இந்தக் கண்ணுக்குப் பாசி. இந்தக் கண்ணுக்கு... இந்தக் கண்ணுக்கு..." வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அவரு அந்த டிரம்ல தொட்டு என்ற மூக்குல ஒரு பொட்டு வெச்சாரு. ஆயில் பெயிண்ட்டு, ஒரு வாரம் போகல. அந்தக் கலரு" என்றார்.

நானும் அழுதேன். திருமூர்த்தி கைக்குட்டையை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 27, புதன்

மணிப்புறாவுக்குப் பெயிண்ட் அடித்தோம். நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் குட்டிக் கார் இருண்டு போகும், பொருள் சிறுக்கும்போது நிறத்தையும் ஒரு பிடி வெளுக்க வேண்டும். எத்தனை பிடி என்பதில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். நான் ஜெயித்தேன். அவர் விட்டுக்கொடுத்தார் என்று பிலோமினா சொல்கிறாள். அவளுக்குக் கலர் தெரியாது.

கடைசிக் கோட் காய்கிற வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெயிண்ட் காய்வதைப் பார்ப்பதைப் போல அலுப்பான வேலை இல்லை என்று சொல்கிறவர்கள் சரியான ஆளோடு உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

கண்காட்சி. மேடம் மயில்கழுத்துப் பட்டில் வந்தார். காரைத் தொட அனுமதி இல்லை என்று பலகை வைத்திருந்தார்கள், மேடம் அதன் மேலேயே கைப்பையை வைத்துவிட்டுக் காரைத் தூக்கினார். கூட்டம் கைதட்டியது. யாரோ ஒரு நிபுணர் வந்து, "கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்குங்களே" என்று ஆரம்பித்தார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நேராகக் காபி பக்கம் போய்விட்டார்.

ஸ்டாலில் கடலை உருண்டை கொடுத்தார்கள். திருமூர்த்தி கடித்தார். பாதி பல் உருண்டையோடு போய்விட்டது. பிரயாணத்துக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும் என்றார். பிரயாணம் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

மேடம் கிளம்பும்போது என்னை ஓரமாக இழுத்தார். "அம்மிணி, எனக்கு இப்ப ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது. இடது கண்ணும் போன வாரம் பண்ணியாச்சு. அந்த ஆளையும் பாக்கறேன், உன்னையும் பாக்கறேன். வாயத் தொறக்கற உத்தியோகத்துல இருந்துட்டு வாயத் தொறக்காம இருக்கியே" என்றார்.

ஜனவரி 12, வெள்ளி

வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 17, புதன்

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

திருமூர்த்தி பல்லுக்கு வந்தார். ஊசி போட்டேன், உதடு மரத்தது. வாய் மூடாமலிருக்க ரப்பர்க் கட்டை, இரண்டு பக்கமும் பஞ்சு, எச்சில் உறிஞ்ச பிலோமினா பிடித்திருந்த குழாய். எல்லாப் பேஷண்டிடமும் சொல்வதைச் சொன்னேன். "பேச முடியாது. வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன்."

தலையாட்டினார். டிரில்லை எடுத்தேன். அவர் கண் மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு நாளில் இந்தக் கண் மெல்போர்ன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். டிரில்லைக் கீழே வைத்தேன்.

"திருமூர்த்தி, ஒண்ணு சொல்லணும். நீங்க பதில் பேச முடியாதுங்கற தைரியத்துலதான் சொல்றேன். அந்தக் கார் கலரு கெடைக்காமலே போயிருந்தா நல்லாருந்துருக்கும்னு பல நாள் நெனச்சேன். மேடம் பாசின்னு சொன்னப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள தீபாவளி. உங்க அதிரசம் சுமார்தான், ஆனா வேற யாரு அதிரசமும் எனக்கு வேண்டாம். மெல்போர்னுக்குப் போங்க, மகளப் பாருங்க, நான் வேண்டாங்கல. ஆனா திரும்பி வந்துருங்க. எங்கூட இருங்க. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

பிலோமினாவின் குழாய் தரையை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அவர் வாய் அகலத் திறந்திருந்தது, பதில் வர வழியில்லை. என் முகம் எந்த வெளிச்சத்திலும் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். "உங்களுக்கு இஷ்டமில்லன்னா கையத் தூக்குங்க. நிறுத்திடுவேன். சத்தியமா இனிமே பேச மாட்டேன்" என்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, கைகளைத்தான் பார்த்தேன்.

இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியிலிருந்து மேலே எழுந்தன. என் உயிர் போய்விட்டது.

எழுந்த கைகளை அவர் மெதுவாகக் கீழே கொண்டுபோய், இரண்டையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பல்லை நான் அடைத்திருக்கிற லட்சணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மேடு பள்ளமாக, ஷேட்கூடச் சரியாகப் பொருந்தவில்லை. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.